காவல் நாயும் களவும்

மனிதன் தன் இல்லத்தையும் மந்தையையும் காப்பதற்கு முதன்முதலாக அமர்த்திக்கொண்ட காவலன் நாய். கதவுக்குத் தாழ்ப்பாள் செய்யக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே, வாசலிற் படுத்திருந்து கள்வரின் வரவை அறிவிக்கும் தொழிலை அவன் நாயிடம் ஒப்படைத்துவிட்டான். அந்தக் காவலனையே ஒருவன் களவாடிச் சென்றுவிட்டால் வீட்டுக்காரன் யாரிடம் போய் முறையிடுவான்?

நாய்க் களவு என்றதும் சிலர் நகைக்கக்கூடும். மாடு களவு போனால் ஊர் திரண்டு தேடும். நகை களவு போனால் பொலிஸார் வந்து விசாரிப்பர். நாய் களவு போயிற்று என்று சொன்னாலோ, "இன்னொரு குட்டியை வாங்கி வளர்த்தால் ஆயிற்று" என்று ஆறுதல் கூறுவோரே மிகுதி. அவ்வாறு கூறுவோர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. இறந்த நாயைத் தோட்டத்து மூலையிற் புதைத்து இரண்டு நாள் அழுதால் மனம் ஒருவாறு ஆறிவிடும். களவு போன நாயின் நினைவு அவ்வாறு ஆறுவதன்று. அது உயிரோடு இருக்கிறதா, எவர் கையில் அகப்பட்டது, உண்பதற்கு ஏதும் கிடைக்கிறதா, கட்டி வைத்து அடிக்கிறார்களா என்று மனம் ஓயாமல் வினவிக்கொண்டேயிருக்கும். இரவில் எங்கோ ஒரு நாய் குரைத்தால் எழுந்து சென்று கதவைத் திறந்து பார்க்கத் தோன்றும். முடிவு தெரியாத துயரம் அது.

இத்துயரத்துக்குச் சட்டமும் சமூகமும் என்ன மதிப்பு அளித்து வந்துள்ளன என்று ஆராய்வது பயனுள்ளது. நாய் ஓர் உடைமையா, அன்றி ஓர் உறவா என்னும் வினா அந்த வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது. நாம் வாழும் இந்த மலைநாட்டுக்கும் அவ்வரலாற்றிலே ஓர் இடமுண்டு.

முதலிலே தமிழர் வழக்கை நோக்குவோம். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நாட்டப்பட்ட நடுகல் ஒன்று அங்கே கிடைத்துள்ளது. எருமை மந்தையைக் காத்து நின்று உயிர் நீத்த வீரன் ஒருவனுக்காக எடுக்கப்பட்ட கல் அது. வீரனுடைய உருவத்தின் அருகே நாய் ஒன்றின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கின்றது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். அது கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைத் தனியாகவே பொறித்து வைத்திருக்கின்றார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செல்வர் எத்தனையோ பேரின் பெயர்கள் மறைந்தொழிந்தன. களவைத் தடுத்த ஒரு நாயின் பெயர் மட்டும் இன்றும் கல்லில் நிற்கின்றது.

இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய மகாவம்சத்திலும் ஒரு நாய் தோன்றுகின்றது. விசயனும் அவன் தோழரும் இத்தீவிலே கரையிறங்கியபோது, யட்சிணி ஒருத்தி பெட்டை நாயின் உருவெடுத்து அவர்கள்முன் வந்தாள் என்றும், நாய் உள்ள இடத்தில் ஊரும் இருக்கும் என்று எண்ணி ஒருவன் அதன்பின்னே சென்றான் என்றும் அந்நூல் கூறும். கதை எவ்வாறாயினும், மனிதர் குடியிருப்பும் நாயும் பிரியாதவை என்னும் எண்ணம் இந்நாட்டில் எவ்வளவு பழமையானது என்பதை அது காட்டுகின்றது.

ஆயினும் நாயைப் பற்றிய நம்மவர் கருத்து எப்போதும் இருமுகமுடையதாகவே இருந்திருக்கின்றது. யானையின் நட்பையும் நாயின் நட்பையும் ஒப்பிட்டு, நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்கின்றது நாலடியார். மாணிக்கவாசகரோ இறைவன் திருமுன் தமது தாழ்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் தம்மை நாய் என்று கூறிக்கொள்கின்றார். நன்றிக்கும் நாயே உவமை, இழிவுக்கும் நாயே உவமை. வாசலிலே காவலுக்கு வேண்டும், உள்ளே வந்தால் துரத்த வேண்டும். இந்த இருமனம் தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. பிற்காலத்திலே நம் நாட்டை ஆண்ட ஆங்கிலேயரின் சட்டத்திலும் இதே இருமனத்தைக் காண்கின்றோம்.

இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம் நாயைக் களவுக்குரிய பொருளாகவே கருதவில்லை. ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றைத் திருடுவது பெருங்குற்றம். நாய் உணவுக்கும் உதவாது, உழவுக்கும் உதவாது, மனிதரின் விருப்பத்துக்காக வளர்க்கப்படும் இழிந்த இயல்புடைய பிராணி என்று சட்ட நூலோர் வகுத்தனர். இதனால் விந்தையான நிலையொன்று ஏற்பட்டது. நாயின் கழுத்திலிருந்த பட்டையைத் திருடியவன் கள்வன். நாயையே திருடியவன் கள்வன் அல்லன்! இவ்விதிக்கு அவர்கள் வேறொரு நியாயமும் கூறினர். அக்காலத்தில் பெருங்களவுக்குத் தண்டனை தூக்கு. ஒரு நாயின் பொருட்டு ஒரு மனிதனின் உயிர் போகலாகாது என்று அவர்கள் எண்ணினர். முதற் காரணம் இன்று நமக்கு நகைப்பை விளைவித்தாலும் இரண்டாவது காரணம் அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. அதனைப் பின்னர் ஒருமுறை நினைவுகூர வேண்டியிருக்கும்.

1770ஆம் ஆண்டிலே நாய்க் களவைத் தடுப்பதற்கென்று பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதுவும் நாயை மற்றைய உடைமைகளுக்குச் சமமாக வைக்கவில்லை. எனவே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லண்டன் மாநகரிலே நாய்க் களவு ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. செல்வர் வாழும் வீதிகளில் எசமானரோடு உலாவ வரும் சிறு நாய்களைக் கண்மூடித் திறப்பதற்குள் கவர்ந்து செல்வர். சில நாள் மறைத்து வைத்திருந்து, பின்னர் தரகன் ஒருவன் மூலமாக மீட்புப் பணம் கேட்டு அனுப்புவர். நாய்க்குச் சந்தையில் என்ன விலை என்று அவர்கள் பார்ப்பதில்லை. நாயை இழந்தவர் எவ்வளவு கலங்கியிருக்கின்றார் என்று பார்த்தே தொகையைக் கூட்டினர். அன்பையே அளவுகோலாகக் கொண்ட கொள்ளை அது.

இக்கொள்ளைக்கு இலக்கானோருள் ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பரெட் அம்மையாரும் ஒருவர். நெடுநாள் நோயாளியாக வீட்டினுள்ளே அடைபட்டுக் கிடந்த அவருக்கு ஃபிளஷ் என்னும் நாயே உற்ற துணை. 1843ஆம் ஆண்டுக்கும் 1846ஆம் ஆண்டுக்கும் இடையில் அந்த நாய் மூன்று முறை களவு போயிற்று. இதற்கிடையில், 1844இல், பாராளுமன்றக் குழு ஒன்று லண்டன் நாய்க் களவைப் பற்றி விசாரித்தது. அதன் பயனாக 1845இல் புதிய சட்டம் ஒன்றும் வந்தது. சட்டம் வந்த மறு ஆண்டே ஃபிளஷ் மூன்றாம் முறை களவு போயிற்று. கள்வர் கேட்ட தொகை ஆறு கினி.

பணம் கொடுக்கலாமா, கூடாதா என்பது பற்றி அம்மையாருக்கும், அவரை மணக்க இருந்த கவிஞர் ரொபேர்ட் பிரௌனிங்குக்கும் இடையே கடிதங்களிலே பெரும் வாதம் நிகழ்ந்தது. கொடியவர்க்குப் பணம் கொடுத்தால் அவர்கள் தொழில் வளரும், இன்று நீ கொடுக்கும் பணம் நாளை இன்னொருவர் நாயைக் கவரும் என்பது பிரௌனிங் கட்சி. கொள்ளையர் கையிற் சிக்கியது நானாயின் அப்போதும் இப்படித்தான் நியாயம் பேசுவீர்களா என்பது அம்மையார் கட்சி. முடிவில் நோயாளியாகிய அம்மையார் தாமே வண்டியேறிக் கள்வர் வாழ்ந்த சேரிவரை சென்றார். பணமும் கொடுக்கப்பட்டது, நாயும் மீண்டது. சில நாட்களில், 1846 செப்டெம்பர் 12ஆம் தேதி, இருவருக்கும் திருமணம் நடந்தது. ஃபிளஷும் அவர்களோடு இத்தாலிக்குச் சென்றது. பிற்காலத்தில் வெர்ஜீனியா வூல்ஃப் இந்த நாயின் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதி 1933இல் வெளியிட்டார். அறிவு நோக்கிற் பார்த்தால் பிரௌனிங் கூறியதே சரி. எனினும் நாயை இழந்தவர் எவரும் அம்மையாரைக் குறைகூறத் துணியார்.

லண்டனிலே இவை நிகழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், நமது நுவரெலியாவுக்கு வேற்றுநாட்டு நாய்கள் வந்து சேர்ந்தன. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டில் இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை நிறுவும் நோக்குடன் குடியேறினார். அவர் தம்முடன் கப்பலிற் கொண்டுவந்தவற்றுள் வேட்டை நாய்க் கூட்டமும் ஒன்று. ஹோட்டன் சமவெளியிலும் சுற்றியுள்ள காடுகளிலும் அந்நாய்களைக் கொண்டு மரை வேட்டையாடிய செய்திகளை அவர் 1854இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார். கில்பக், ஸ்மட் என்று தம் நாய்களைப் பெயர் சொல்லி, போர்வீரரைப் புகழ்வது போலப் புகழ்ந்திருக்கின்றார். அவருடைய நாய்களைக் கொண்டுபோன கள்வர் மனிதர் அல்லர். குளிர், நோய், மரையின் கொம்பு, காட்டுப் பன்றியின் கோரைப்பல், இவற்றோடு ஓசையின்றி வந்து கவ்விச் செல்லும் சிறுத்தை ஆகியனவே அக்கள்வர். மலைநாட்டின் முதல் நாய்க் கள்வன் சிறுத்தை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பேக்கர் 1855இல் இந்நாட்டைவிட்டுச் சென்றார். காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நாட்டினார். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையே மலைகளை மூடியது. அத்தோட்டங்களிலே இருவகை வீடுகள் எழுந்தன. மேட்டிலே துரையின் பங்களா, பள்ளத்திலே தொழிலாளரின் லயம். நாய்களும் அவ்வாறே இருவகையாயின. பங்களா நாய்க்கு வம்சாவளிப் பத்திரம் உண்டு, கழுத்துப் பட்டை உண்டு, பராமரிக்க ஓர் ஆளும் உண்டு. ஏப்ரல் மாதத்து வசந்த காலக் கொண்டாட்டங்களில் நாய்க் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லப்படும் பேறும் அதற்கு உண்டு.

லயத்து நாய்க்கு வம்சாவளியும் இல்லை, பட்டையும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் வாழும்போது, நாய்க்கு இடம் இஸ்தோப்பும் அடுப்படிச் சாம்பலுமே. விடியுமுன் எசமானனோடு பிரட்டுக் களத்துக்குச் செல்லும். கொழுந்து மலைக்குத் தாயின்பின் செல்லும். பிள்ளையின்பின் பள்ளிக்கூட வாசல்வரை வந்து, மணி அடிக்கும்வரை அங்கேயே படுத்திருக்கும். வீட்டிலே பூட்டி வைப்பதற்குரிய பொருள் அதிகமில்லாத அக்குடும்பத்துக்கு அதன் காவல் எதற்கு என்று கேட்கலாம். காட்டுப் பன்றி மரக்கறிப் பாத்திக்கு வராமற் காப்பது அது. இருட்டிலே வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு வழித்துணை அது. உரிமை என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு நிலமும் இல்லாதிருந்த மக்களுக்கு, "இது எங்களுடையது" என்று சொல்லக் கிடைத்த உயிர்களுள் அதுவும் ஒன்று.

இந்த இருவகை நாய்களையும் ஒன்றாக வைத்து நோக்கிய சட்டம் ஒன்று 1883ஆம் ஆண்டிலே இந்நாட்டுக்கு வந்தது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை எனப்படும் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அது. மெக்காலே பிரபு தலைமையில் வரையப்பெற்று 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி அது ஆக்கப்பட்டது. அதன் 366ஆம் பிரிவு களவு இன்னதென்று வரையறுக்கின்றது. ஒருவருடைய உடைமையிலுள்ள அசையும் பொருளை, அவருடைய சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துச் செல்வதற்காக அசைப்பது களவு. அவ்வரையறையை விளக்குவதற்குக் காட்டப்படும் உதாரணங்களுள் இரண்டாவதாக நிற்பது நாய்க் களவு. ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிறனுடைய நாயைத் தன்பின் வரச் செய்கின்றான். அவன் எண்ணம் நேர்மையற்றதாயின், அந்த நாய் அவனைப் பின்தொடரத் தொடங்கிய அக்கணமே களவு நிறைவேறிவிட்டது என்பது சட்டத்தின் கருத்து.

இச்சிறு உதாரணத்துள் பெரும் பொருள் அடங்கியிருக்கின்றது. பணப்பையைத் திருடுவோன் தன் கையால் எடுக்கின்றான். நாயைத் திருடுவோன் கையால் தொடவேண்டியதும் இல்லை. நாய் தன் காலாலேயே நடந்து போகின்றது. "அது தானாக வந்தது, நான் என்ன செய்வேன்" என்று கள்வன் சொல்லக்கூடும். பிராணியை அசையச் செய்தவன் அதனை அசைத்தவனே ஆவான் என்று கூறி, அந்த வாயைச் சட்டம் அடைத்துவிட்டது. மேலும், அந்த உதாரணத்திலே நாய் என்ன சாதி, அதன் விலை என்ன, உடையவர் துரையா தொழிலாளியா என்ற பேச்சே இல்லை. நாய் ஒன்று, உடையவர் ஒருவர், கள்வன் ஒருவன் என்பதுதான் உண்டு. குற்றம் நிரூபிக்கப்பட்டால் மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

இங்கே வரலாற்று மாணவர் வியக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்திலே நாய் மற்றைய உடைமைகளோடு முழுச் சமமாக வைக்கப்பட்டது 1968ஆம் ஆண்டின் களவுச் சட்டத்தால்தான். ஆண்டவர்கள் தங்கள் நாட்டில் 1968வரை செய்யாததை, ஆளப்பட்ட நமது நாட்டுக்கு 85 ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பழைய வழக்குகளின் சுமையின்றிப் புதிதாக ஒரு சட்டத்தை எழுதும்போது அறிவுக்கு எவ்வளவு எளிதாக வழி திறக்கின்றது என்பதற்கு இது சான்று.

ஆனால் ஏட்டிலுள்ள சட்டம் வேறு, அதனை நாடிச் செல்லும் வழி வேறு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டு நீங்குவதே அக்காலத் தொழிலாளிக்குச் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அத்தகையவன் ஒருநாட் சம்பளத்தை இழந்து, மலை இறங்கிப் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, "என் நாயைக் காணவில்லை" என்று முறையிட்டிருப்பானா? பங்களா நாய் காணாமற்போனால் கணக்கப்பிள்ளை முதல் காவற்காரன் வரை எல்லாரும் தேட வேண்டும். லயத்து நாய் காணாமற்போனால் பிள்ளைகள் மட்டுமே தேடுவர்.

பின்வந்த சட்டங்கள் இவ்வேற்றுமையை இன்னொரு வகையிலே கூர்மையாக்கின. விசர்நாய்க்கடியைத் தடுப்பதற்காக 1893இல் ஒரு கட்டளைச் சட்டமும், நாய்களைப் பதிவு செய்வதற்காக 1901இல் 25ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தன. இவை வேண்டாதவை என்று எவரும் கூறமுடியாது. 1973ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்நோயின் கொடுமை விளங்கும். தடுப்பூசியின் பயனாக அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் பதிவு முறையின் மறுபக்கம் ஒன்றுண்டு. பதிவுள்ள நாய்க்கு உடையவர் உண்டு. பதிவில்லாத நாய், எத்தனை பிள்ளைகள் அதனைக் கொஞ்சினாலும், அதிகாரியின் கண்ணுக்கு உடையவரற்ற நாய். அதனைப் பிடித்துக் கொல்லவும் சட்டம் இடமளித்தது. தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006ஆம் ஆண்டிலேதான் கைவிட்டது. லயத்து நாயைக் கள்வன் கொண்டுபோனாலும், சட்டத்தின் பேரால் ஒருவர் கொண்டுபோனாலும், அப்பிள்ளைகளுக்குத் துயரம் ஒன்றுதான்.

உலகத்தின் பிற பகுதிகளிலும் ஒரு நாயின் களவு சட்டத்தையே மாற்றிய வரலாறு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே 1965ஆம் ஆண்டுக் கோடையில் பெப்பர் என்னும் டல்மேஷன் நாய் ஒன்று பண்ணை வீட்டிலிருந்து காணாமற்போயிற்று. வீட்டார் தேடியலைந்தனர். வியாபாரிகள் பலர் கைமாறிய அந்த நாய், நியூயோர்க் நகர மருத்துவமனை ஒன்றிலே ஆராய்ச்சிச் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டு இறந்துவிட்டது என்பது பின்னர் தெரியவந்தது. வளர்ப்பு நாய்கள் களவாடப்பட்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விற்கப்படுகின்றன என்பதை அறிந்த மக்கள் கொதித்தெழுந்தனர். 1966 ஓகஸ்ட் 24ஆம் தேதி ஜனாதிபதி ஜோன்சன் ஆராய்ச்சிக்கூடப் பிராணிகளின் நலன் பேணும் சட்டத்திற் கையொப்பமிட்டார்.

அண்மையிலே, 2024ஆம் ஆண்டில், நாயையும் பூனையையும் கவர்ந்து செல்வதை இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் உரிய புதிய சட்டம் ஒன்று தனிக்குற்றமாக ஆக்கியுள்ளது. அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். மக்கள் தங்கள் வளர்ப்புப் பிராணியை வீட்டுத் தளபாடம் போன்ற பொருளாக எண்ணுவதில்லை, குடும்பத்தில் ஓர் உயிராகவே எண்ணுகின்றனர் என்பதே அச்சட்டத்துக்கு ஆதாரமான கருத்து. களவுக்கும் உரிய பொருளன்று என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட நாய், பின்னர் பொருளாகி, இன்று பொருளினும் மேலான ஒன்றாக ஏற்கப்பட்டிருக்கின்றது.

இதுவரை நாயை இழந்தவரின் பக்கம் நின்று பேசினோம். ஐயத்துக்கு ஆளாகும் மனிதனின் பக்கமும் நின்று பார்த்தல் நீதியாகும். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பிலே படித்த சிறுவன் ஒருவனுடைய நாய் ஓரிரவிலே காணாமற்போயிற்று. அடுத்த லயத்து இளைஞன் ஒருவன் முதல் நாள் அதற்கு ரொட்டித் துண்டு போட்டதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அவ்வளவே போதுமாயிற்று. இரு குடும்பத்தாரும் கைகலக்கும் நிலை வந்தது, பேச்சு நின்றது, குழாயடியில் நீர் எடுப்பதற்கும் வேறு வேறு நேரம் பார்த்தனர். சில நாட் சென்று, கொழுந்தெடுக்கப் போன பெண்கள் காட்டோரத்துத் தேயிலை நிரையிலே நாயின் எச்சங்களையும் கழுத்துக் கயிற்றையும் கண்டனர். சற்றுத் தொலைவில், ஈரமண்ணில், சிறுத்தையின் அடித்தடம் இருந்தது. நாயைக் கொண்டுபோனது யார் என்பது ஒரு காலைப் பொழுதில் தெளிவாயிற்று. இரு வீட்டாரும் மீண்டும் முகம் பார்த்துப் பேச ஓர் ஆண்டு ஆயிற்று.

ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிகளில் தேயிலை மலைகளுக்கிடையே எஞ்சியிருக்கும் சிறு காடுகளிற் சிறுத்தைகள் இன்றும் வாழ்கின்றன. இரவிலே வெளியிற் கட்டப்பட்ட நாய் அவற்றுக்கு எளிய இரை. ஆகவே நாய் காணாமற்போனதும் அயலவனைக் கள்வன் என்பதும் தவறு. சிறுத்தையைப் பழிவாங்கப் புறப்படுவதும் தவறு. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபான தோட்டத்திலே, கம்பிச் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சில நாட்களில் உயிரிழந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விலங்குக்கு வைக்கும் சுருக்கு விலங்கினத்தைப் பார்த்து இறுகுவதில்லை. வீட்டு நாயின் காலும் அதில் அகப்படும்.

வியட்நாம் நாட்டிலே நாய் இறைச்சி வணிகத்துக்காகக் கிராமத்து நாய்களைக் களவாடுவோர் உளர். இந்த நூற்றாண்டிலும் அத்தகைய கள்வர் சிலரை ஊரார் பிடித்து அடித்தே கொன்றிருக்கின்றார்கள். நாயை இழந்தவரின் சினம் நியாயமானது. அதன் முடிவோ மனிதக் கொலை. ஒரு நாயின் பொருட்டு ஒரு மனிதனின் உயிர் போகலாகாது என்று பழைய ஆங்கிலச் சட்ட நூலோர் கூறியதை முன்னர் குறிப்பிட்டேன். அவர்கள் நாயை மதிக்கத் தவறினார்கள். மனித உயிரை மதிக்கத் தவறவில்லை. இரண்டையும் ஒருங்கே மதிக்கக் கற்பதே நாகரிகத்தின் வளர்ச்சி.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு. நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி போட்டுப் பதிவும் செய்வித்தல் வேண்டும். பதிவுச் சீட்டு நோய்க்கு மாத்திரம் காப்பன்று. "இது என்னுடைய நாய்" என்பதற்கு எழுத்திலுள்ள சான்றும் அதுவே. நாயின் நிறம், வடு, காது, வால் முதலிய அடையாளங்களைக் குறித்துவைத்து, படம் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளுதல் நன்று. இரவிலே அதனை வெளியே கட்டிவிடாமல் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும். களவு போயிற்று என்று நம்பக் காரணம் இருந்தால் தயங்காமற் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். நாட்டு நாய்தானே என்று எவரும் நகைத்தால், 366ஆம் பிரிவின் உதாரணத்திலே நாட்டு நாய், சாதி நாய் என்ற வேறுபாடு இல்லை என்பதை அவருக்கு நினைவூட்டலாம். வழிதவறி வந்த நாயை, உடையவர் யாரென்று தேடாமலே தமதாக்கிக்கொள்ளுதலும் நேர்மையன்று. எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாத குட்டியை மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்குவோர், தாம் அறியாமலே ஒரு வீட்டின் அழுகையை விலைக்கு வாங்கியவர் ஆகக்கூடும். வாங்குவோர் இல்லையாயின் களவாடுவோரும் இல்லை.

கள்வனின் சட்டைப்பையிலுள்ள தீனியை நாய் ஏன் நம்பிச் செல்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். மனிதக் கையிலிருந்து வரும் உணவு நல்லது என்று அதற்குப் பழக்கியவர்கள் நாம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனித இனம் அதற்குக் கற்பித்த பாடம் அது. அந்தப் பாடத்தையே தூண்டிலாக்குகின்றான் கள்வன். நாய்க்கு ஏமாற்றம் தெரியாது. அதனால் எச்சரிக்கையும் தெரியாது. கோவிவன் என்னும் நாய் நம் முன்னோரின் மந்தையைக் காத்தது. நம் வாசலிற் படுத்திருக்கும் பெயர்பெறாத நாய்களைக் காக்கும் பொறுப்பு இன்று நம்முடையது.